குடிநோயும் சுற்றமும்

மதுவை நிறுத்துவதற்குப் பெரும்பாலும் ஒரு வாரம் போதும். நிறுத்திய நிலையில் நீடிப்பதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். குடிநோய்ச் சிகிச்சையைப் பற்றிப் பொதுமக்களிடையே நிலவும் குழப்பங்களில் பெரும்பகுதி, இவ்விரண்டையும் ஒரே வேலையாகக் கருதுவதால் விளைவது. முதல் வேலை உடலியல் சார்ந்தது. மது, மூளையின் செயலை அடக்கும் காபா என்னும் வேதிப்பொருளின் விளைவை வலுப்படுத்தி, தூண்டிவிடும் குளுட்டமேட்டின் விளைவைக் குறைக்கிறது. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரின் மூளை இதற்கு ஈடுகட்டும் வகையில் தன் தூண்டலைத் தொடர்ந்து கூட்டியே வைத்துக்கொள்கிறது. மது திடீரென நின்றதும் அந்தக் கூடுதல் தூண்டலை எதிர்த்து நிற்க எதுவும் இல்லாமல் போவதால், சில மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் தொடங்குகின்றன. முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வருகிறது. இரண்டு மூன்று நாட்கள் கழிந்தபின் வெகு சிலருக்கு இல்லாத உருவங்களைக் காணும், உயிருக்கே ஆபத்தான டெலிரியம் ட்ரெமென்ஸ் என்னும் குழப்பநிலை ஏற்படுகிறது. இவை விலகல் விளைவுகள் எனப்படும். தக்க மாத்திரைகளையும் தயமின் என்னும் பி1 வைட்டமினையும் கொண்டு இவற்றைப் பாதுகாப்பாகக் கடக்கச் செய்ய மருத்துவத்துக்குத் தெரியும்.

இரண்டாம் வேலையில்தான் மருத்துவத்தின் கை அவ்வளவு நீளமில்லை. உடல் தெளிந்து, எடை கூடி, முகத்தில் களை திரும்பி வீட்டுக்கு வந்த ஒருவர், சில வாரங்களிலோ மாதங்களிலோ மீண்டும் குடிக்கத் தொடங்குவது மறுவீழ்ச்சி எனப்படுகிறது. அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட்டும் அவருடைய குழுவினரும் மது, புகை, ஹெராயின், சூதாட்டம் முதலிய பழக்கங்களிலிருந்து விலகியிருந்தவர்களுக்கு நேர்ந்த 311 மறுவீழ்ச்சிகளை ஆராய்ந்தபோது, அவற்றில் 35 விழுக்காடு மனச்சோர்வு, எரிச்சல், வெறுமை போன்ற நிலைகளிலும், 20 விழுக்காடு பிறர் அழைப்பாலோ பிறர் குடிப்பதைக் கண்டதாலோ, 16 விழுக்காடு வீட்டிலோ வேலையிடத்திலோ எழுந்த சண்டைக்குப் பின்னரும் நேர்ந்தவை என்று கண்டனர். கை நடுக்கத்தின் உந்துதலால் மீண்டும் குடித்தவர்கள் இக்கணக்கில் மிகச் சிலரே. தனிமையும் நண்பர் கூட்டமும் குடும்பப் பூசலும் நோயின் காரணிகளாக இருக்குமானால், அவற்றுக்கான மாற்றும் மனிதர்களிடமிருந்தே வர வேண்டும் என்பது எளிய ஊகம். அது உண்மையா, உண்மையானால் எந்த வழியில் வேலை செய்கிறது என்பதே இந்த அத்தியாயம் ஆராயும் பொருள்.

ஆய்வுக்கூடத்திலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மார்கோ வெனிரோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், மெத்தம்பெட்டமைன் அல்லது ஹெராயினைத் தாமே செலுத்திக்கொள்ளப் பழகிய எலிகளுக்கு இரண்டு நெம்புகோல்கள் தரப்பட்டன: ஒன்றை அழுத்தினால் போதைப்பொருள் கிடைக்கும், மற்றதை அழுத்தினால் அடுத்த அறைக் கதவு திறந்து இன்னோர் எலியுடன் சிறிது நேரம் பழகலாம். அடிமைத்தனத்துக்கான அளவுகோல்கள் அனைத்திலும் தேறிய எலிகள் உட்பட, ஏறக்குறைய எல்லாமே துணையைத் தேர்ந்தெடுத்தன. இம்முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு அன்பே மருந்து என்று எழுதியவர்கள் பலர். ஆனால் அதே ஆய்வின் மறுபாதியில்தான் பயனுள்ள பாடம் இருக்கிறது. நெம்புகோலை அழுத்தியபின் துணையின் கதவு திறப்பதைத் தாமதப்படுத்தினால், அல்லது துணையைத் தேர்ந்தெடுத்ததற்குச் சிறு தண்டனை சேர்த்தால், எலிகள் போதைப்பொருளுக்கே திரும்பின. உறவு போதையை வெல்கிறது. ஆனால் அது உடனே கிடைக்க வேண்டும், கிடைக்கும்போது வலிக்கக் கூடாது.

மனிதர்களிடையே இதற்கு நெருக்கமான சான்று, யாரும் திட்டமிடாத ஒரு சூழலில் கிடைத்தது. வியட்நாம் போரில் பணியாற்றி 1971 செப்டம்பரில் நாடு திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களைச் சமூகவியலாளர் லீ ராபின்ஸ் ஆராய்ந்தார். அங்கு ஹெராயின் மலிவாகவும் வீரியமாகவும் கிடைத்தது. ஏறக்குறையப் பாதிப் பேர் அபின் வகைப் போதைப்பொருளைப் பயன்படுத்திப் பார்த்திருந்தனர், ஐந்தில் ஒருவர் அதற்கு அடிமையாகவும் இருந்திருந்தார். அவ்வாறு அடிமையானவர்களில் நாடு திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5 விழுக்காட்டினர் மட்டுமே. போர்க்களத்தின் அச்சமும் சலிப்பும், உடன் புகைத்த தோழர்களும், கைக்கெட்டும் சரக்கும் ஒரே விமானப் பயணத்தில் பின்தங்கிவிட்டதே இதற்குக் காரணம் என்ற விளக்கம் பொதுவாக ஏற்கப்படுகிறது. சிகிச்சை முடிந்து திரும்பும் குடிநோயாளிக்கு இந்த வசதி இல்லை. அவர் அதே தெருவுக்கு, அதே கடனுக்கு, அதே நண்பர்களுக்குத் திரும்புகிறார். ஊரை மாற்ற முடியாத நிலையில், ஊருக்குள்ளேயே ஒரு சிறு ஊரை அவருக்காக அமைக்க முடியுமா என்பதே கேள்வியாகிறது.

இத்தகைய ஏற்பாடு ஒன்று தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் கார்த்திகை மாதம் தானாகவே அமைகிறது என்பதை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. ஆண்டு முழுவதும் குடிப்பவர்களாக ஊரறிந்த ஆண்கள் பலர், சபரிமலைக்கு மாலை போட்ட நாள் முதல் ஒரு மண்டலம் மதுவைத் தொடுவதில்லை. இதை வெறும் பக்தி என்றோ தெய்வத்தின் மீதுள்ள அச்சம் என்றோ சொல்லி நிறுத்திவிட்டால், அதன் இயக்கம் கண்ணுக்குத் தப்பிவிடும். மாலை போட்டவரை மனைவி, முதலாளி, தேநீர்க் கடைக்காரர் என அனைவரும் 'சாமி' என்றே அழைக்கின்றனர். அவரும் மற்றவர்களை அப்படியே அழைக்கிறார். வேட்டியின் நிறமும் கழுத்து மணியும் அவர் நிலையைத் தெருமுனையிலேயே அறிவித்துவிடுவதால், நேற்றுவரை 'கட்டிங்' போட அழைத்த நண்பர் இன்று அழைப்பதில்லை. அழைத்தாலும், 'மாலை போட்டிருக்கிறேன்' என்ற ஒரு சொல்லுக்கு மேல் விளக்கம் எதையும் அவர் எதிர்பார்ப்பதில்லை. வழக்கமாகக் கடைக்குச் செல்லும் மாலை நேரம் குளியலாலும் சரண கோஷத்தாலும் பஜனையாலும் நிரம்பிவிடுகிறது. பலமுறை மலைக்குச் சென்றுவந்த குருசாமி ஒருவர் வழிகாட்டுகிறார். வீட்டாரும் உணவிலும் நடத்தையிலும் விரதத்துக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்கின்றனர். புதிய அடையாளம், மறுப்பதற்கு மரியாதையான காரணம், நிரம்பிய மாலைப்பொழுது, அனுபவமுள்ள வழித்துணை, ஒத்துழைக்கும் குடும்பம் ஆகியவையே, பின்னால் காணப்போகும் மேலைநாட்டுச் சிகிச்சைமுறைகள் பெருஞ்செலவில் கட்டியெழுப்ப முயன்றவை.

குறை, முடிவுத் தேதியில் இருக்கிறது. மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றும் நாளில் அடையாளம், காரணம், கூட்டம், வழித்துணை ஆகிய அனைத்தும் ஒருசேர நீங்குகின்றன. அன்று மாலையே கடைக்குச் செல்பவர்கள் இருப்பதை ஊரார் நகைச்சுவையாகச் சொல்வதுண்டு. ஒரு மண்டலம் குடிக்காமல் இருக்க முடிந்தவரின் மனவுறுதியைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. அவரைத் தாங்கி நின்ற சாரம் பிரிக்கப்பட்டது என்பதே சரியான விளக்கமாக இருக்கும். இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை: காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நிலைக்கு வரும் என்ற கட்டத்தை அடைந்தவர்கள், மருத்துவரைக் காணாமல் மாலை போட்டோ கோயிலில் கயிறு கட்டிக்கொண்டோ திடீரென நிறுத்துவது, முன்னர் கூறிய விலகல் விளைவுகளால் ஆபத்தாக முடியலாம்.

சாரத்தைப் பிரிக்காமல் வைத்திருப்பதற்கான முதல் கறாரான சோதனை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், அன்னா என்னும் சிற்றூரின் அரசு மனநல மருத்துவமனையில் நடைபெற்றது. ஜார்ஜ் ஹண்டும் நேதன் அஸ்ரினும் 1973-இல் வெளியிட்ட அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் 16 பேர் மட்டுமே. எட்டுப் பேருக்கு வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சையும், எட்டுப் பேருக்கு அதனுடன் 'சமூக வலுவூட்டல்' என்ற புதிய முறையும் வழங்கப்பட்டன. குடிக்காத வாழ்க்கை, குடிக்கும் வாழ்க்கையைவிட நாள்தோறும் இனிதாக இருந்தாலன்றி எவரும் அதில் தங்கமாட்டார் என்பது இம்முறையின் அடிப்படை. ஆகவே ஆய்வாளர்கள் வேலை தேடிக் கொடுத்தனர். கணவன் மனைவிக்கிடையே உடன்பாடு பேசி வைத்தனர். தொலைபேசி இணைப்பும் செய்தித்தாள் சந்தாவும் பெற உதவினர். முன்பு மதுக்கூடமாக இருந்த கட்டடம் ஒன்றை, மது இல்லாமல் சனிக்கிழமை மாலைகளில் இசையும் சீட்டாட்டமும் விருந்தும் நடைபெறும் கேளிக்கைக் கழகமாக மாற்றினர். குடியர்கள் கூடும் நேரத்தில், குடியர்கள் கூடிய இடத்திலேயே, குடியில்லாத கூட்டத்தை அமைத்த இந்தத் துணிச்சல் இன்றைய மறுவாழ்வு மையங்கள் பலவற்றில் காணக் கிடைக்காதது. அடுத்த ஆறு மாதங்களில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள் தம் நாட்களில் 79 விழுக்காட்டைக் குடியில் கழிக்க, புதிய முறையில் சேர்ந்தவர்கள் 14 விழுக்காட்டைக் கழித்தனர். வேலையின்றி இருந்த நாட்கள் முறையே 62, 5 விழுக்காடு.

பின்னர் அஸ்ரின் இம்முறையுடன் டைசல்ஃபிராம் மாத்திரையையும் இணைத்தார். உடலில் மது முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப்பொருளாகவும், பின்னர் ஒரு நொதியின் துணையால் தீங்கற்ற பொருளாகவும் மாறுகிறது. இம்மாத்திரை அந்த நொதியை முடக்கிவிடுவதால், உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியும் மயக்கமும் வரும். மாத்திரை தன் வேலையைச் செவ்வனே செய்யும். விழுங்குவதை நிறுத்திவிடலாம் என்பதே அதன் பலவீனம். ஆகவே நோயாளியின் சம்மதத்துடன், நாள்தோறும் குறித்த நேரத்தில், குறித்த இடத்தில், மனைவியின் முன்னிலையில் அதை உட்கொள்ளும் சிறு சடங்கு வகுக்கப்பட்டது. 1982-இல் வெளியான ஆய்வின்படி, மணமானவர்களுக்கு இந்த ஏற்பாடு மட்டுமே ஏறக்குறைய முழுமையான விலகலைத் தந்தது. தனியாக வாழ்பவர்களுக்கோ, வேலை, கழகம், பயிற்சி ஆகிய முழுத் தொகுப்பும் சேர்ந்த பின்னரே அதே பலன் கிடைத்தது. ஒரே மாத்திரை, எதிரே அமர்ந்திருக்கும் ஒருவரால் வேறு மருந்தாகிவிடுகிறது. குடிப்பவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கலாம் என்று விளம்பரம் செய்து விற்கப்படும் பொடிகள் இதற்கு நேர் எதிரான வழி. அவற்றில் என்ன கலந்திருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. டைசல்ஃபிராமே கலந்திருந்தால், அதை அறியாமல் குடிப்பவருக்கு அது உயிராபத்தாகலாம். தெரியவரும் நாளில் வீட்டில் எஞ்சியிருந்த நம்பிக்கையும் அத்துடன் முடிந்துவிடும்.

மருத்துவர்களின் துணையின்றி, நோயாளிகளே கட்டிய சாரம் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935-இல் ஓஹியோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில், பங்குத் தரகர் பில் வில்சனும் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தும் சந்தித்ததிலிருந்து அது தொடங்குகிறது. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த வில்சன், தொழில் முயற்சி தோற்றுத் தனியே ஹோட்டல் கூடத்தில் நின்றபோது, மதுக்கூடத்துக்குச் செல்வதற்கு மாறாகத் தொலைபேசியில் பலரையும் அழைத்து இன்னொரு குடிநோயாளியைத் தேடிக் கண்டடைந்தார். தன்னைக் காத்துக்கொள்ளவே அவருக்கு அந்த இன்னொருவர் தேவைப்பட்டார் என்பதை அவ்வியக்கம் பின்னாளில் தன் அடிப்படையாகவே வைத்துக்கொண்டது. கட்டணம் இல்லை, முழுப்பெயர் தேவையில்லை, இன்று ஒரு நாள் மட்டும் குடிக்காமல் இருந்தால் போதும் என்ற இலக்கு, நீண்ட காலம் விலகியிருந்த ஒருவர் புதியவருக்கு வழித்துணையாக அமைவது ஆகியவை அதன் கூறுகள். குடும்பத்தினருக்கான அல்-அனான் 1951-இல் உருவாயிற்று.

இவ்வியக்கத்தின் சமயச் சாயலைக் கண்டு அறிவியலாளர்கள் நெடுங்காலம் ஒதுங்கியே நின்றனர். 2020-இல் ஜான் கெல்லி, கீத் ஹம்ஃப்ரீஸ், மரிகா ஃபெர்ரி ஆகியோர், 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்புக்காக மதிப்பிட்டனர். இவ்வியக்கத்தோடு இணைக்கும் சிகிச்சையைப் பெற்றவர்களில் 42 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பின் முழு விலகலில் இருக்க, அறிதல்சார் நடத்தைச் சிகிச்சை முதலிய பிற முறைகளில் அது 35 விழுக்காடாக இருந்தது. வேறுபாடு பெரியதன்று, ஆயினும் ஊதியமில்லாத மனிதர்கள் நடத்தும் கூட்டம், பயிற்சி பெற்ற உளவியலாளர்களின் சிகிச்சைக்குச் சளைத்ததில்லை என்பதே அதிலிருந்து பெற வேண்டிய செய்தி. எதனால் பலன் கிடைக்கிறது என்று கெல்லி பிரித்துப் பார்த்தபோது, நட்பு வட்டத்தில் குடிப்பவர்கள் குறைந்து குடிக்காதவர்கள் கூடுவதே முதன்மைக் காரணமாகத் தெரிந்தது. ஆன்மிக உணர்வு கூடுவது, நோய் முற்றியவர்களிடம் ஒரு பங்கு வகித்தது. மார்க் லிட்டும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளியின் வட்டத்தில் குடிக்காத ஒரே ஒருவர் புதிதாகச் சேர்வதே அடுத்த ஆண்டில் விலகியிருக்கும் வாய்ப்பை 27 விழுக்காடு கூட்டியது. கூட்டத்தின் அளவு முக்கியமில்லை. குறிப்பிட்ட மாலையில் தொலைபேசியை எடுக்கும் ஓர் ஆள் முக்கியம்.

ஊரையே சிகிச்சையில் இறக்கிய முயற்சி ஒன்று தமிழ்நாட்டில் நடந்தது. கணவர் டி.டி. ரங்கநாதனைக் குடிநோய்க்கு இளவயதில் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், அவர் பெயரில் 1980-இல் சென்னையில் நிறுவிய ஆய்வு அறக்கட்டளையும் அதன் டி.டி.கே. மருத்துவமனையும் நாட்டின் முன்னோடிப் போதைச் சிகிச்சை மையங்களுள் ஒன்று. நாட்டுப்புறத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளி ஒருவர் வேலையை விட்டுவிட்டுச் சென்னையில் வாரக்கணக்கில் தங்குவது இயலாத காரியம் என்பதால், மருத்துவமனையே ஊருக்குச் செல்வதென முடிவாயிற்று. 1989-இல், அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் குடவாசலை அடுத்த மஞ்சக்குடியில் முதல் முகாம் நடைபெற்றது. இடமும் உணவும் உள்ளூரார் பொறுப்பு. மருத்துவரும் செவிலியரும் ஆலோசகரும் சென்னையிலிருந்து வந்தனர். குடியை நிறுத்த விரும்புவோர் யார் என்பதை ஊர்ப் பெரியவர்களும் குடும்பத்தாரும் அடையாளம் காட்ட, உடல்நலம் சோதிக்கப்பட்டு, கடுமையான நோய் உள்ளவர்கள் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டனர். மற்றவர்கள் இரு வாரங்கள் அங்கேயே தங்கினர். மனைவியருக்குத் தனி அமர்வுகள் நடத்தப்பட்டன. முகாம் முடிந்தபின் மாதந்தோறும் குழுவினர் ஊருக்கு வந்து பார்த்தனர்; முன்னர் குடியை விட்டவர்கள் அடுத்த முகாமுக்கு ஆள் சேர்ப்பவர்களாயினர்.

இந்த ஏற்பாட்டின் நுட்பம், அது ஊரின் பார்வையை மாற்றிவிட்டதில் இருக்கிறது. நகரத்து மருத்துவமனையிலிருந்து திரும்புபவர் என்ன செய்துவிட்டு வந்தார் என்பதை எவரும் கண்டதில்லை. ஆகவே பழைய பெயர் அவருக்காக வாசலிலேயே காத்திருக்கும், கடன் கேட்டால் கிடைக்காது, கூலி வேலைக்கு அழைப்பு வராது. ஊர் நடுவே நடந்த முகாமில், அரிசியோ உழைப்போ கொடுத்தவர்கள் அனைவரும் அவருடைய மீட்சிக்கு ஏதோ ஒரு விதத்தில் பங்காளிகளாகிவிட்டனர். 1994-இல் சாந்தி ரங்கநாதன் இந்த அனுபவத்தை 'அடிக்‌ஷன்' என்னும் பன்னாட்டு ஆய்விதழில் எழுதியபின், குறைந்த செலவில் ஊரகங்களுக்குச் சிகிச்சையைக் கொண்டுசெல்லும் முன்மாதிரியாக அது அறியப்பட்டது.

ஊர் என்பது எப்போதும் நன்மையே செய்யும் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது பேதைமை. குடிக்க அழைப்பதும் ஊரே. குடிப்பவரைத் திருமணத்தில் கேலி செய்வதும், விட்டவரைப் பார்த்து 'எத்தனை நாளைக்கு' என்று கேட்பதும் ஊரே. வெனிரோவின் எலிகளுக்குத் துணையுடன் சேர்த்து வலியும் கொடுக்கப்பட்டபோது அவை போதைக்குத் திரும்பின. ஒவ்வோர் இரவும் பழைய கணக்கைப் படித்துக் காட்டும் வீடு அதே சோதனையைத்தான் நடத்துகிறது. அதற்காக, பல ஆண்டுகள் அடியும் பசியும் பட்ட மனைவி இன்முகம் காட்ட வேண்டும் என்று அறிவுரை சொல்வதும் அநீதி; அவருக்கும் துணை தேவை என்பதால்தான் மனைவியருக்கான தனி அமர்வுகள் இன்றியமையாதவை. குடிக்கும் பெண்களுக்கோ, ஊர் அறிவதே தண்டனை. ஊர் முகாமும் பொதுக் கூட்டமும் அவர்களை எட்டுவதில்லை, மறைவான தனிச் சந்திப்பே எட்டும். உதவி என்ற பெயரில் ஆளைக் கட்டித் தூக்கிச் சென்று அடைத்துவைக்கும் மையங்களும் நாட்டில் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளையும் தன் வரையறைக்குள் சேர்த்து, நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை முற்றாகத் தடை செய்கிறது என்பதைக் குடும்பத்தினர் அறிந்திருப்பது நல்லது.

தடுப்புக்கும் இதே தருக்கம் பொருந்துமா என்பதை ஐஸ்லாந்து சோதித்துப் பார்த்தது. 1998-இல் அங்கு 15, 16 வயதினரில் 42 விழுக்காட்டினர் முந்தைய ஒரு மாதத்தில் போதை ஏறும் அளவுக்குக் குடித்திருந்தனர். 2016-இல் அது 5 விழுக்காடாயிற்று. போதையின் கேடுகளைப் பற்றிய சொற்பொழிவுகளுக்கு அங்கு பெரிய இடம் தரப்படவில்லை. விளையாட்டு, இசை வகுப்புகளுக்கு அரசுப் பணம் கொடுக்கப்பட்டது. சிறார் இரவில் வெளியே இருக்கும் நேரம் வரையறுக்கப்பட்டது. பெற்றோர்கள் தமக்குள் உடன்பாடு செய்துகொண்டனர். அதே ஆண்டுகளில் ஐரோப்பாவின் பிற நாடுகள் பலவற்றிலும் இளையோர் குடி குறைந்திருப்பதால், முழுப் பெருமையையும் இத்திட்டத்துக்கே அளிக்க முடியாது.

இந்தியாவுக்கு அவசரமான கேள்வி வேறு. எய்ம்ஸ் தலைமையில் நடந்து 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, மதுவால் பிரச்சினைக்குள்ளாகி உதவி தேவைப்படுவோர் ஐந்தரைக் கோடிக்கும் மேல். மதுவைச் சார்ந்துபோனவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெறுகிறார். இந்த இடைவெளியை மனநல மருத்துவர்களைக் கொண்டு மட்டும் நிரப்ப முடியாது என்ற எண்ணத்தில், கோவாவின் சங்கத் அமைப்பினர் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு சோதனை நடத்தினர். மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர் மனிதர்களுக்குச் சில வாரங்கள் பயிற்சி அளித்து, தீங்கான அளவில் குடிக்கும் ஆண்களுடன் அதிகபட்சம் நான்கு முறை அமர்ந்து பேசச் செய்தனர்: எப்போது குடிக்கத் தோன்றுகிறது, அப்போது யார் உடன் இருக்கிறார்கள், அழைப்பை எப்படி மறுப்பது, மாலையில் வேறு எங்கே போவது. 377 பேர் பங்கேற்ற இந்த ஆய்வின் முடிவுகள் 2017-இல் லான்செட் இதழில் வெளியாயின. மூன்று மாதங்களுக்குப் பின், பேச்சுத் துணை பெற்றவர்களில் 36 விழுக்காட்டினர் தீங்கான அளவுக்குக் கீழே இறங்கியிருந்தனர். வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் 26 விழுக்காட்டினர். ஓராண்டுக்குப் பின்னும் பலன் நீடித்தது. இம்முறை, நோய் முற்றாதவர்களுக்கானது. காலையில் கை நடுங்குபவர்களை முதலில் மருத்துவரிடம் அனுப்பிவிட வேண்டும் என்பதையும் அந்த உள்ளூர் ஆலோசகர்கள் கற்றிருந்தாக வேண்டும்.